மக்தபும் மக்தபாவும்

அரபு மொழியில் ‘கதப’ என்பது ‘எழுதினான்’ எனப் பொருள்படும் சிறியதொரு வினைச்சொல். அதன் மூன்றெழுத்து வேரினின்றே நூலைக் குறிக்கும் ‘கிதாப்’ பிறந்தது. எழுதுவோரைக் குறிக்கும் ‘காதிப்’ பிறந்தது. சிறார் எழுத்தறியும் இடமாகிய ‘மக்தப்’ பிறந்தது. நூல்கள் திரட்டி வைக்கப்பெற்ற நிலையமாகிய ‘மக்தபா’வும் பிறந்தது. மக்தபுக்கும் மக்தபாவுக்கும் எழுத்தளவில் உள்ள வேறுபாடு ஈற்றில் நிற்கும் ஒரே எழுத்துத்தான். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ஆனால் நம் தெருக்களில் இவ்விரு உடன்பிறப்புகளும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. மலைக்கோட்டையின் நிழலில், பாலக்கரையிலும் ஆழ்வார்தோப்பிலும் சிங்காரத்தோப்பிலும் வாழும் நம் குடும்பங்களில், நான்கைந்து வயதிலேயே பிள்ளையின் கையைப் பிடித்து மக்தபுக்கு அழைத்துச் செல்கிறோம். அதே பிள்ளை பொது நூலகத்தின் வாயிற்படியை மிதிப்பது எப்போது? பெரும்பாலும் கல்லூரியை முடித்துப் போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் வயதில்தான். இடையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிடுகின்றன. இந்த இடைவெளி எங்ஙனம் உண்டாயிற்று? பள்ளிக்கூடம் புகுமுன்னரே குழந்தைக்கு நூலகம் தரக்கூடியது யாது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் மக்தபைப் பார்ப்போம். அலிஃபும் பேயும் தனித்தனி எழுத்துகளாக அறிமுகமாகும். பின்பு ஸபர், ஸேர், பேஷ் என்னும் குறிகள் சேரும். எழுத்துக் கூட்டி ஓதும் பழக்கம் வரும். அதன்பின் அம்ம ஜுஸ்வு. எழுத்தையும் ஒலியையும் பிரிக்கவொண்ணாதபடி குழந்தையின் நாவில் பிணைத்துவிடும் இம்முறையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. நாவும் செவியும் நினைவும் ஒருங்கே பயிற்சி பெறுகின்றன. இந்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளும் ஏறத்தாழ இவ்வாறே, மணலில் விரலால் எழுதச் செய்து, உரக்கச் சொல்ல வைத்து எழுத்தறிவித்தன. சென்னையில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் அந்த மணலெழுத்தைக் கண்டு வியந்து, 1797ஆம் ஆண்டு இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட, நம் நாட்டு வழக்கம் இங்கிலாந்தின் பள்ளிகளுக்கும் சென்றது.

எனினும் எழுத்தறிவு வேறு, மொழித் தேர்ச்சி வேறு என்பதை நம் முன்னோர் உணர்ந்தே இருந்தனர். வரலாற்று மேதை இப்னு கல்தூன் (மறைவு ஹிஜ்ரி 808, கி.பி. 1406) தம் ‘முகத்திமா’வில் சிறார் கல்வி பற்றித் தனி இயல் ஒன்றையே வகுத்துள்ளார். மக்ரிபு நாட்டவர் குழந்தைக்குத் திருமறை ஓதுவதை மட்டுமே முதலில் கற்பித்தனர் என்றும், ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் மறையோடு கவிதை, உரைநடை, இலக்கணம், கையெழுத்து ஆகியவற்றையும் சேர்த்தே கற்பித்தனர் என்றும் அவர் ஒப்பிடுகிறார். முன்னவரின் பிள்ளைகள் மொழியைக் கையாளும் ஆற்றலில் பின்தங்கினர் என்பது அவர் கண்ட முடிவு. மொழியையும் கவிதையையும் முதலில் கற்பித்து, பிறகு கணக்கு, அதன்பின் மறை என்னும் வரிசையைக் காழீ அபூபக்கர் இப்னுல் அரபீ (மறைவு ஹிஜ்ரி 543) முன்மொழிந்ததையும் அவர் எடுத்துக்காட்டி, கருத்து நன்றே, ஆனால் மக்கள் வழக்கம் அதற்கு இடந்தராது என்கிறார். இளமையில் ஓதாத பிள்ளை பின்னர் ஓதாமலே போய்விடக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதென்றும் ஒப்புகிறார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த இவ்விவாதம் இன்றைக்கும் நமக்குப் பொருந்துகிறது. மறையை ஓதும் நா, மொழியின் செல்வத்தையும் எங்கிருந்தேனும் பெற்றாக வேண்டும். அஃது எங்கிருந்து வரும்?

நம்மவர்க்கு அது வீட்டிலிருந்து வந்தது. 1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு மாவட்டத்திலும் கல்வி நிலையைக் கணக்கெடுக்கப் பணித்தார். மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் எனக் கணக்கு வந்தது. பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே கற்போர் சென்னை நகரில் மட்டும் 26,963 பேர் என்றும் அதிகாரிகள் தெரிவித்தனர். இத்தொகை மிகையோ என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும், வீட்டுக் கல்வியைச் சேர்த்து எண்ணாமல் இந்நாட்டின் கல்வியை அளவிட முடியாதென்பதை அவரும் ஏற்றார்.

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் அவ்வீட்டுக் கல்விக்கு ஊர்தியாக இருந்தது அரபுத் தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புதிய குறிகள் அமைத்து உருவாக்கிய அவ்வெழுத்தில் மார்க்கச் சட்ட நூல்களும், மாலைகளும், முனாஜாத்துகளும், கிஸ்ஸாக்களும் ஏராளமாக எழுந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் எழுதினர். செய்யிது ஆசியா உம்மா போன்ற பெண்பாற் புலவர்களும் பாடினர். மக்தபில் அலிஃப், பே கற்றிருந்த எந்தப் பெண்ணும், தமிழ் நெடுங்கணக்கை அறியாதவளாயினும், இந்நூல்களை எடுத்து வாசிக்க முடிந்தது. இரவு விளக்கொளியில் ஒருத்தி ஓத, அண்டை வீட்டுப் பெண்கள் அமர்ந்து கேட்பர். மடியில் கிடந்த குழந்தையும் கேட்டது.

இந்தக் கேள்வியின் பயனை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். தமிழில் பேசும் மொழி வேறு, எழுதும் மொழி வேறு. வீட்டில் ‘வந்துச்சு’ என்று கேட்டு வளரும் பிள்ளை, பாடநூலில் ‘வந்தது’ என்பதைக் காண்கிறது. வீட்டில் உருது பேசும் குழந்தைக்கோ தூரம் இன்னும் அதிகம். நத்ஹர் வலி (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள இத்திருச்சி மாநகரில், உருது பேசும் குடும்பமும் தமிழ் பேசும் குடும்பமும் ஒரே தெருவில் வாழ்கின்றன, பள்ளிக்கூடமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் தொடங்குகிறது, மக்தபில் அரபு. இத்தனை மொழிகளுக்கிடையே நிற்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு, நூலின் மொழி எப்படி ஒலிக்கும் என்பது முன்கூட்டியே செவியில் பதிந்திருப்பது பெரும் பேறன்றோ? மாலையும் கிஸ்ஸாவும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு நூலின் மொழி அந்நியமாக இருந்ததில்லை. கண் எழுத்தைக் காணுமுன்பே செவி நூலைக் கேட்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அரபுத் தமிழ் மெல்ல மங்கியது. பள்ளிகள் பெருகின, தமிழ் எழுத்து பரவியது, அச்சுத் தமிழ் நூல்கள் மலிந்தன. இதில் வருந்துதற்கு ஏதுமில்லை. வருந்தத்தக்கது யாதெனின், எழுத்து மாறியபோது வழக்கமும் கூடவே மறைந்ததுதான். அரபு எழுத்து நூலை மூடி வைத்த கை, தமிழ் எழுத்து நூலைத் திறந்து குழந்தைக்கு வாசித்துக் காட்டவில்லை. வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, இன்று கைபேசியும் வந்துவிட்டது. குழந்தையின் செவியில் ஒலிகள் நிறைந்தன. நூலின் மொழி மட்டும் குறைந்தது.

இனி மக்தபாவின் பக்கம் திரும்புவோம். இம்மண்ணுக்கு நூல்நிலையம் புதிதன்று. ஹொய்சளர் காலத்தில் ஸ்ரீரங்கம் திருக்கோயிலில் ‘சரஸ்வதி பண்டாரம்’ என்னும் நூல்நிலையம் அமைந்திருந்ததைக் கல்வெட்டு உரைக்கிறது. நம் மதரஸாக்களிலும் தர்காக்களிலும் குத்புகானாக்கள் இருந்தன. இவையெல்லாம் கற்றோர்க்கே உரியவை. கல்லாதவனும் குழந்தையும் உள்ளே வரலாம் என்னும் கருத்து அக்காலத்தில் எந்நாட்டிலும் அரிது.

அக்கருத்தை இங்கே நிலைநாட்டியவர் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணிதப் பேராசிரியராயிருந்த அவர் 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டனை அடுத்த குராய்டன் நகரின் பொது நூலகத்தில் முதியவர், தொழிலாளர், சிறுவர் என அனைவரும் வந்து பயன்கொள்வதைக் கண்டார். அந்நூலகத்தின் தலைவரான பெர்விக் சேயர்ஸ், சிறுவர் நூலகம் பற்றித் தனி நூலே எழுதியவர். தாயகம் திரும்பிய இரங்கநாதன், 1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். 1931ஆம் ஆண்டு நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்தற்கே என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்டவேண்டும் என்பது இரண்டாவது. அதே 1931ஆம் ஆண்டில் தஞ்சைத் தரணியின் மன்னார்குடிப் பகுதியில், எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனாரின் முயற்சியால், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். வாசகன் வரமாட்டானாயின் நூல் அவனைத் தேடிச் செல்லட்டும் என்பதே அதன் உட்பொருள்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், கல்வியமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948 நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதல். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இச்சட்டப்படி, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. மைய நூலகமும் கிளை நூலகங்களும் தோன்றின. செலவுக்கு வழி யாது? வீட்டுவரியில் ரூபாய்க்கு ஆறு பை, அதாவது அரையணா, நூலக வரியாகச் சேர்த்து வாங்கப்பட்டது. பின்னாளில் அது பத்துப் பைசா ஆயிற்று. இதனை வாசக அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சொந்த வீடுடையார் நேராகவும், வாடகைக்குக் குடியிருப்போர் மறைமுகமாகவும் நூலகத்துக்குப் பணம் செலுத்தியே வந்திருக்கிறோம். அந்நூல்கள் நம் காசில் வாங்கியவை. நம் வீட்டுக் குழந்தைக்கும் அவற்றில் பங்குண்டு.

சட்டம் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டு, 1951இல், திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி தோன்றியது. ஹாஜி ஜமால் முஹம்மது சாகிப் அவர்களும் காஜாமியான் இராவுத்தர் அவர்களும் ஈந்த கொடை நம் சமுதாயத்தின் தலையெழுத்தையே மாற்றியது. உயர்கல்வி என்னும் மேல்மாடியை நாம் எழுப்பினோம். மக்தப் என்னும் அடித்தளமும் முன்பே இருந்தது. இரண்டுக்கும் இடையிலான படிக்கட்டைத்தான் நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நூலகங்களும் அதை எண்ணிப் பார்த்தன என்று கூறுவதற்கில்லை. நம் ஊர்க் கிளை நூலகங்கள் நெடுங்காலம் ஆடவர் செய்தித்தாள் படிக்கும் கூடமாகவே விளங்கின. நீண்ட மேசை, அதைச் சுற்றி நாற்காலிகள், ‘அமைதி காக்கவும்’ என்னும் பலகை. இடுப்பில் குழந்தையோடு வரும் ஒரு தாய்க்கு அங்கே இடம் ஏது? மழலைக்கும் அமைதிப் பலகைக்கும் பொருந்துமா? குழந்தைகளுக்கு எழுதுவோர் இல்லாமலுமில்லை. அந்நாளைய புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா சிறார்க்கெனவே பாடினார். 1950ஆம் ஆண்டு குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. பெரியசாமித் தூரன் தலைமையில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. நூல்கள் வந்தன, அவற்றை எட்டிப் பிடிக்கும் உயரத்தில் அலமாரியும், தரையில் ஒரு பாயும் வரத் தாமதமாயிற்று.

பள்ளி செல்லா வயதுக் குழந்தையை இந்நாடு திரும்பிப் பார்த்தது முதலில் உணவின் வழியாகத்தான். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் திருச்சிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியிலே. பள்ளிப் பிள்ளைகளோடு, இரண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது என்பதை அரசு ஒப்புக்கொண்டது அன்று. வயிற்றுக்கு உணவு வகுத்தாயிற்று. செவிக்கு உணவு வகுக்கும் பொறுப்பில் ஒரு பங்கு நூலகத்தைச் சாரும்.

அப்பங்கு யாது என்பதைச் சற்று விளக்குவோம். பள்ளிக்கு ஆயத்தமாதல் என்றால், மூன்று வயதிலேயே ஆங்கில எழுத்து இருபத்தாறையும் எழுதச் செய்தல் என்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். அதற்கெனத் தனி வகுப்புக்கும் பணம் கட்டுகின்றனர். ஆனால் எழுத்தறிவின் வேர் எழுதுகோலில் இல்லை. சொற்களைப் பல்கக் கேட்டிருத்தல், ஒரு சொல்லின் ஒலிகளைப் பிரித்தும் சேர்த்தும் விளையாடுதல், தாளில் உள்ள கோடுகள் பொருள் தரும் என்று உணர்தல், ஒரு கதையின் தொடக்கத்தையும் முடிவையும் நினைவில் வைத்தல், பிறரோடு அமர்ந்து பொறுமையாகக் கேட்டல் ஆகியவையே வேர்கள். வீட்டுப் பேச்சு பெரும்பாலும் வா, போ, உண், உறங்கு என்னும் எல்லைக்குள் சுழல்வது. படநூலோ யானையையும் கப்பலையும் பனிமலையையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. ஒரு குடும்பம் விலை கொடுத்து வாங்கக்கூடிய படநூல்கள் இரண்டோ மூன்றோ. நூலகத்திலோ வாரம் ஒன்று மாற்றி எடுக்கலாம். உறுப்பினராகச் சிறு தொகை செலுத்தினால் போதும். அங்கேயே அமர்ந்து படிக்க அதுவும் வேண்டுவதில்லை.

நம் குழந்தைகளுக்கு மட்டும் உரிய தேவை ஒன்றும் உண்டு. மக்தபில் அவர்கள் கையில் ஏந்தும் காயிதா வலப்புறத்திலிருந்து திறக்கிறது. எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. தமிழ் நூலும் ஆங்கில நூலும் இதற்கு நேர்மாறு. பாடம் சொல்லிக் கொடுக்கும் இத்தனை ஆண்டுகளில் நாம் கண்டது, பிள்ளைகள் இதனால் குழம்புவதைவிட வியப்பதே அதிகம் என்பது. தாயோ தந்தையோ படநூலை மடியில் விரித்து, வரியின் அடியில் விரலை ஓட்டி வாசித்துக் காட்டிய பிள்ளை, இரண்டு திசைகளையும் விளையாட்டாகவே பற்றிக்கொள்கிறது. வீட்டில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை மக்தபிலும் உச்சரிப்பைச் செவ்வையாகப் பிடிக்கிறது. நூலகத்துக்குச் சென்றால் ஓதல் கெடும் என்று அஞ்சுவோர்க்கு இதுவே நம் மறுமொழி. மேலும், மக்தபிலிருந்து மீண்ட சிறுவனை விளையாட விடுக, ஓயாது கற்பித்தால் அவன் உள்ளம் மடிந்துபோகும் என்னும் கருத்தை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் வலியுறுத்தியுள்ளார்கள். படநூல் அத்தகைய இனிய விளையாட்டு.

பிற நாடுகள் இவ்வுண்மையைச் செயலாக்கியுள்ளன. 1992ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், நூலகமும் நலவாழ்வுத் துறையும் கைகோத்து, முந்நூறு கைக்குழந்தைகளின் வீடுகளுக்கு நூல்களை வழங்கின. அம்முயற்சி பின்னர் நாடு முழுதும் பரவியது. 1994ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட பொது நூலக அறிக்கை, இளம் வயது முதலே குழந்தைகளிடம் வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்குவதை நூலகத்தின் கடமைகளில் முதலாவதாக வைத்தது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில், தேசிய நூலக வாரியம் 2004ஆம் ஆண்டு முதல், வருவாய் குறைந்த குடும்பத்துச் சிறார்க்குத் தொண்டர்கள் கதை வாசித்துக் காட்டும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது.

தமிழகத்திலும் மாற்றம் தெரிகிறது. சென்னையில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறார்க்கெனத் தனிப் பகுதிகள் அமைந்தன. திருச்சிக்கும் பெரியதொரு நூலகம் 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் பெரிய நூலகம் ஊருக்கு ஒன்றுதான். மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டுவது தாயின் நடைதூரத்தில் உள்ள கிளை நூலகம்.

இங்கே நம் கடமை என்ன? ஜமாஅத்துப் பெரியோர்கள் தத்தம் பகுதிக் கிளை நூலகரைச் சந்தித்து, வாரத்தில் ஒரு நாள் முற்பகல் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் வந்தமர ஒரு மூலையை ஒதுக்கித் தருமாறு கேட்கலாம். மக்தபு உஸ்தாதுகள் மாதம் ஒரு முறையேனும் சிறுவர்களை வரிசையாக அழைத்துச் சென்று நூலகத்தைக் காட்டலாம். கல்லூரியில் பயிலும் நம் பெண்மக்கள், தம் பாட்டிமார் மாலை ஓதிய அதே குரலில், குழந்தைகளுக்குப் படநூல் வாசித்துக் காட்டலாம். வாசிக்கத் தெரியாத தாயும் படத்தைக் காட்டித் தன் மொழியில் கதை சொல்லலாம். அதுவும் வாசிப்பின் தொடக்கமே. இதற்கு நன்கொடை திரட்ட வேண்டியதில்லை, கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. வரி முன்பே செலுத்தியாயிற்று, நூல்களும் வாங்கியாயிற்று. நாம் சென்று கேட்பதொன்றே எஞ்சியிருக்கிறது.

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதத் தெரிந்தவர், மதீனாச் சிறுவர் பதின்மருக்கு எழுத்தறிவித்தால் அதுவே விடுதலைக்குரிய ஈடு என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட வரலாற்றை நாம் மேடைதோறும் பெருமையுடன் கூறுகிறோம். சிறுவரின் எழுத்தறிவுக்கு அத்துணை விலை மதித்த சமுதாயம், தன் தெருக்கோடியில் திறந்திருக்கும் நூலகத்தை அயலார் இல்லம் போல் கடந்து செல்வது தகுமா? மக்தபுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் கை, அடுத்த தெருவிலுள்ள மக்தபாவுக்கும் அழைத்துச் செல்லட்டும். பிரிந்த உடன்பிறப்புகள் நம் குழந்தைகளின் கல்வியில் மீண்டும் ஒன்று சேர வல்ல நாயன் அருள் புரிவானாக!